ஜம்புநாதன் கண்ட சிலந்தி

சிலந்திக்குத் தமிழ்நாட்டில் வாய்த்த யோகம் வேறு எந்தப் பூச்சி பொட்டுக்கும் வாய்த்ததில்லை. எறும்புக்குத் திருவெறும்பூர் இருக்கிறது. ஈக்கு ஈங்கோய்மலை இருக்கிறது. இரண்டும் எங்கள் திருச்சி ஜில்லாவிலேயே இருக்கின்றன. ஆனால் செத்து மறுபடி பிறந்து, சோழ ராஜாவாகச் சிம்மாசனத்தில் ஏறி, அறுபத்து மூவரில் ஒருவராகக் கோயில் பிராகாரத்தில் நிற்கிற பாக்கியம் சிலந்தி ஒன்றுக்குத்தான் கிடைத்தது. காளஹஸ்தியில் 'ஸ்ரீ' என்ற முதலெழுத்தே சிலந்திதான். பாம்பும் யானையும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. பஞ்சபூத ஸ்தலங்களில் நீரும் காற்றுமாக இரண்டு ஸ்தலங்களின் கதை இந்த எட்டுக்கால் பிராணியைச் சுற்றி நடக்கிறது. (பூச்சி என்று சொன்னால் சாஸ்திரக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், பூச்சிக்கு ஆறு கால்தான். 'எட்டுக்கால் பூச்சி' என்று பெயர் வைத்தவர்கள் கணக்கையும் விடவில்லை, வழக்கத்தையும் விடவில்லை.)

திருவானைக்கா கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெண்ணாவல் மரத்தடியில் லிங்கம் வெயிலிலும் காற்றிலும் இருந்தது. சருகு ஸ்வாமிமேல் விழக்கூடாதென்று ஒரு சிலந்தி மேலே நூலால் விதானம் கட்டிற்று. துதிக்கையில் தண்ணீர் முகந்து வந்து அபிஷேகம் செய்கிற யானைக்கு அது வெறும் ஒட்டடையாகப் பட்டது, பிய்த்துப் போட்டது. சிலந்தி மறுபடி கட்டிற்று. யானை மறுபடி பிய்த்தது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. வேதனை தாங்காமல் யானை துதிக்கையைத் தரையில் அறைந்து செத்தது. உள்ளே இருந்த சிலந்தியும் செத்தது. பக்தர்கள் இரண்டு பேர், ஒரே ஸ்வாமி. ஒருவர் பூஜை மற்றவருக்குக் குப்பை. இதைவிடச் சுருக்கமாக நம் ஊர்ச் சமய சரித்திரத்தை யாராலும் எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம்.

சிலந்தி சுபதேவனுக்கும் கமலவதிக்கும் பிள்ளையாகப் பிறந்தது. ஒரு நாழிகை தாமதித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகையும் ஆள்வான் என்று ஜோசியர்கள் சொல்ல, தாய் தன்னைத் தலைகீழாகக் கட்டச் சொன்னாள். தாமதத்தால் கண் சிவந்து பிறந்த குழந்தை கோச்செங்கணான். பிள்ளையின் கண்ணைப் பார்த்துவிட்டுத் தாய் கண்ணை மூடினாள். வளர்ந்து ராஜாவானதும் அவன் ஊர் ஊராகக் கோயில் கட்டினான். யானை ஏற முடியாதபடி உயர்ந்த தளத்தின்மேல், படிகள் வைத்துக் கட்டினான். மாடக்கோயில் என்று பெயர். எழுபது கோயில் என்று கணக்குச் சொல்கிறவர் வைஷ்ணவரான திருமங்கையாழ்வார். கட்டினவனுடைய பூர்வஜன்மக் கோபம் கல்லில் படிக்கட்டாக நின்றுவிட்டது.

இதில் சரித்திரம் எவ்வளவு? கோச்செங்கணான் கதைக்காரர்கள் உண்டாக்கின ஆள் அல்ல. 'களவழி நாற்பது' அவன் கழுமலத்தில் சேரமான் கணைக்காலிரும்பொறையோடு செய்த போரைப் பாடுகிறது, பாடினவர் பொய்கையார். லால்குடிக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் இருக்கிற அன்பிலில் கிடைத்த செப்பேடுகள் சுந்தர சோழன் காலத்தவை. அதில் சோழ வம்சத்தின் முன்னோர் வரிசையில் செங்கணான் பெயர் வருகிறது. களவழி நாற்பதைப் புரட்டிப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பாட்டுக்குப் பாட்டு யானை விழுந்துகொண்டே இருக்கிறது. துதிக்கை அறுந்து விழுகிறது, மலை சாய்ந்த மாதிரி சாய்கிறது, ரத்தத்தில் மிதக்கிறது. யானைகளை இப்படிக் கொன்று குவித்த ராஜாவுக்கு, யானைமேல் ஜன்மப்பகை கொண்ட ஒரு பூர்வ கதை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். யானைக்குப் பகையாக இன்னொரு யானையைப் போட்டால் கதை இல்லை. சிலந்தியைப் போட்டவன் பெரிய கதாசிரியன். தொழில் முறையில் எனக்கு அவனிடம் பொறாமை உண்டு.

கதை இருக்கட்டும். எந்தச் சிலந்தி? நம் தோட்டங்களில் பெரும்பாலும் காண்கிற வலை, செங்குத்தாகத் தொங்குகிற சக்கரம். அதனால் சருகைத் தடுக்க முடியாது. தலைக்கு மேல் விதானமாகக் கிடைமட்டத்தில் வலை விரிக்கிற ஜாதி ஒன்று உண்டு. கொசுவலைத் துணிபோல நெருக்கமான வலையை விரித்து, நடுவைக் கூடாரம்போல் தூக்கிக் கட்டி, மேலும் கீழும் தாறுமாறாக இழைகளை இழுத்துவிட்டு, அடியில் தலைகீழாகத் தொங்கும். இந்த வலையில் பசை கிடையாது. தினம் பிரித்துக் கட்டுகிற வழக்கமும் கிடையாது. காற்றில் பறந்து வருகிற சருகு அதன்மேல் கிடந்துகொண்டே இருக்கும். புராணம் எழுதினவர் இதைப் பார்த்துத்தான் எழுதினார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் யாரோ ஒருவர் நாவல் மரத்தடியில் நின்று நன்றாகப் பார்த்திருக்கிறார்.

இந்தக் கூடாரச் சிலந்திகளில், தென்னிந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ஒரு இனத்துக்கு 1869-ல் சாஸ்திரப் பெயர் வைத்தவர் பெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. இவரை லால்குடிக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. லால்குடி தாலுக்காவில் வடக்கே ஊட்டத்தூர் என்று ஒரு ஊர். அங்கேயிருந்து அரியலூர் வரை மண்ணைத் தோண்டினால் கடல் சிப்பியும், கல்லாய்ப் போன பெரிய நத்தைச் சுருள்களும் கிடைக்கும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பூமி கடல். அந்தக் கற்படிவங்களை ஒவ்வொன்றாகப் படம் போட்டு, பெயர் வைத்து, பெரிய பெரிய வால்யூம்களாகக் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டவர் இதே ஸ்டோலிக்ஸ்காதான். மொரேவியா தேசத்தில் பிறந்தவர், இந்தியப் பூகர்ப்ப ஸர்வேயில் உத்தியோகம் பார்த்தார். யார்க்கந்துக்குப் போன தூதுகோஷ்டியோடு சென்று, திரும்பும் வழியில் 1874-ல் லடாக் மலையில் இறந்துபோனார். வயது 36. ஊட்டத்தூர் நத்தைக்கும் தோட்டத்துச் சிலந்திக்கும் ஒரே மனிதர் ஜாதகம் எழுதியிருக்கிறார்.

விதானம் கட்டுகிற சிலந்தி தனி ஆள். பக்கத்தில் அதே இனத்தவர் வலை கட்டினாலும் தன் வலை தனக்கு. புராணச் சிலந்தியும் அப்படித்தான், தன் பக்தி தனக்கு. நான் சொல்ல வந்த சிலந்தி வேறு. அதற்குப் புராணம் கிடையாது. யாரும் அதை ராஜாவாக்கவில்லை. ஸ்ரீரங்கம் தீவில் தேடுவதைவிட லால்குடியிலிருந்து புள்ளம்பாடி வழியாகக் கல்லக்குடிப் பக்கம் போனால் நல்லது. வாய்க்கால் பாசனமும் வாழைத் தோட்டமும் பின்தங்கி, மண் காய்ந்து, இலந்தையும் காரையும் கருவேலும் வேலியாக நிற்கிற இடங்களில் அந்த மாதிரி ஜந்துவுக்குத்தான் வாழ்வு. முள்ளில் ஒரு அழுக்குப் பன்னாடை சிக்கிக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். சாம்பல் நிறம், மேலெல்லாம் தூசி, பூச்சி இறகு, வண்டு ஓடு. அதிலிருந்து நாலு பக்கமும் பழந்துணி மாதிரி வலை விரிந்து பக்கத்துக் கிளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். வழியோடு போகிறவர்கள் அதை ஒட்டடை என்று நினைத்துப் போவார்கள். யானை நினைத்ததும் அதுதான்.

பன்னாடைக்குள் குடித்தனம் நடக்கிறது. ஒன்றிரண்டு சிலந்தி அல்ல. சில சமயம் நூற்றுக்கணக்கில். பருத்தது என்று சொல்லக்கூடிய பெண் சிலந்திக்கே உடல் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும்; ஆண் அதைவிடச் சிறிசு. சாம்பலும் பழுப்புமாக, வெல்வெட் போர்த்தின மாதிரி மயிர். ஸ்டெகோடைபஸ் ஸரஸினோரம் என்பது அதன் சாஸ்திரப் பெயர். கிரேக்கத்தில் 'ஸ்டெகோஸ்' என்றால் கூரை. பெயரின் முற்பாதியில் அந்தச் சொல் என் காதில் விழுகிறது. பிற்பாதிக்கு 'ஸரஸின்களுடையது' என்று அர்த்தம். பால் ஸரஸின், பிரிட்ஸ் ஸரஸின் என்று ஸ்விட்ஜர்லாந்தில் பாஸல் நகரத்துப் பணக்காரக் குடும்பத்தவர் இரண்டு பேர், தூரத்துப் பங்காளிகள். 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி வேடர்களைப் பற்றியும் பிராணிகளைப் பற்றியும் ஆராய்ந்தவர்கள். அவர்கள் இலங்கையிலிருந்தும் மினிக்காய்த் தீவிலிருந்தும் சேர்த்த சிலந்திகளைப் பெர்லின் மியூஸியத்தில் பெர்டினாண்ட் கார்ஷ் என்பவர் பார்த்து எழுதினார். 1892-ல் நம் வேலிச் சிலந்திக்கு இந்த நாமகரணம் ஆயிற்று. குழந்தை இங்கே, தொட்டில் பெர்லினில், பெயர் பாஸலுக்கு.

இந்த வழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் இல்லை. பார்த்தவன் பெயர் வைக்கிறான். நாம் சிலந்தியைப் பார்த்து விழுந்து கும்பிட்டோம், கதை கட்டினோம். அது எத்தனை முட்டையிடுகிறது, குஞ்சுக்கு என்ன ஊட்டுகிறது என்று கேட்கவில்லை. ஸ்டோலிக்ஸ்காவும் கார்ஷும் உடம்பைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கேட்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சாராயத்தில் ஊறின சிலந்திக்குக் காலில் எத்தனை முள், கண் எந்த வரிசையில் என்றுதான் அவர்களுக்குத் தெரியும். அது வேலியில் எப்படிக் காலம் தள்ளுகிறது என்று பெர்லினில் உட்கார்ந்து யார் சொல்ல முடியும்?

சொன்னவர் நம்மவர். 1905-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்தில் இருக்கும் ஸ்மித்ஸோனியன் ஸ்தாபனம் தன் கட்டுரைத் தொகுதியில் ஒரு சிறு கட்டுரையை அச்சிட்டது. கூடி வாழும் ஒரு சிலந்தியின் பழக்கங்களும் வாழ்க்கைச் சரித்திரமும் என்று தலைப்பு. எழுதினவர் என். எஸ். ஜம்புநாதன்.

ஜம்புநாதன் யார்? திருவானைக்கா ஸ்வாமிதான். நாவலடியில் சிலந்தி விதானம் கட்டினது அவருக்குத்தான். அந்த ஸ்வாமியின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த ஒரு மனிதர் முள்வேலிமுன் நின்று, சிலந்தி செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டு, கடலுக்கு அப்பால் அனுப்பியிருக்கிறார். நாவலில் இப்படிப் பெயர் வைத்தால் பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார். செயற்கையாக இருக்கிறது என்பார். உலகத்துக்குப் பத்திரிகாசிரியர் கிடையாது. கட்டுரை மொத்தம் எட்டே பக்கம். காலுக்கு ஒரு பக்கம்.

1905 என்றால் என்ன காலம் என்று நினைத்துப் பார்க்கவேண்டும். வங்காளத்தைக் கர்ஸான் இரண்டாக வெட்டின வருஷம். ஊரெல்லாம் சுதேசிப் பேச்சு. படித்தவர்கள் வக்கீலாகவோ குமாஸ்தாவாகவோ போய்க்கொண்டிருந்தார்கள். அப்போது ஒருவர் வேலியோரத்தில் நின்று சிலந்திக் கூட்டை நாள்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால், போகிறவர் வருகிறவர் என்ன சொல்லியிருப்பார்கள்? தலைக்கு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள். கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டவனுக்குக் கல்வெட்டு உண்டு. பார்த்துப் பார்த்து எழுதினவனுக்கு என்ன உண்டு? நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தச் சிலந்தியைப் பற்றி எழுத வருகிற எந்த நாட்டு ஆராய்ச்சிக்காரரும் 'ஜம்புநாதன், 1905' என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் மேலே போகிறார்கள். நம் ஊரில்தான் அந்தப் பெயரைச் சொன்னால், எந்த ஜம்புநாதன், சன்னதித் தெருவா என்று கேட்பார்கள்.

சென்னை மியூஸியத்தில் 1920 முதல் 1940 வரை தலைவராக இருந்த எப். ஹெச். கிரேவ்லியையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பாவம். தென்னாட்டுச் சிலந்திகளைப் பற்றி வரிசை வரிசையாக எழுதினவர் அவர். அதே கையால், டி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து, மியூஸியத்துச் செப்புத் திருமேனிகளுக்கு 1932-ல் ஜாபிதா தயாரித்தார். 1936-ல் இந்தியக் கோயில் கட்டடக் கலையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சிலந்தியும் கோயிலும் ஒரே மனிதர் மேஜையில் சந்தித்தது, செங்கணானுக்கு அப்புறம் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பன்னாடைக்குள் என்ன நடக்கிறது என்பது ஜம்புநாதனுக்குப் பின்னால், 1973-ல் ஜாக்ஸன், ஜோஸப் என்ற இருவராலும், இன்னும் பலராலும், விவரமாகத் தெரிந்துவிட்டது. பகலெல்லாம் ஆள் நடமாட்டம் இருக்காது. பொழுது சாய்ந்தால் வெளியே வந்து வலையைப் பழுதுபார்க்கும். இந்த நூலில் பசை கிடையாது. வாரின பஞ்சுபோல் சிக்குச் சிக்கான இழை. நாயுருவி வேட்டியில் ஒட்டிக்கொள்வதுபோல் பூச்சியின் கால் அதில் மாட்டிக்கொள்ளும். பெரிய வெட்டுக்கிளி விழுந்து உதறினால் வலை அதிரும். ஒன்று ஓடி வரும், பின்னாலேயே இன்னும் நாலு, பத்து. ஆளுக்கு ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, தங்களைப்போல் பல மடங்கு பெரிய உருவத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். உலகத்தில் இன்றுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-க்கு மேல். அவற்றில் இப்படி ஆயுள் முழுதும் சேர்ந்து குடித்தனம் பண்ணுகிறவை முப்பதைத் தாண்டாது. இந்தக் குடும்பத்தில் மூன்று. இரண்டு ஆப்பிரிக்காவில், ஒன்று நம் பக்கத்தில்: இந்தியா, இலங்கை, நேபாளம், பர்மா.

இந்தக் கூட்டில் பெண்கள்தான் மிகுதி. ஆண்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. கல்யாணமெல்லாம் கூட்டுக்குள்ளேயே, கூடப் பிறந்தவர்களுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளுக்குத் தாய் தன் வயிற்றில் கரைத்த ஆகாரத்தைக் கக்கி ஊட்டுகிறது. நாளாக ஆக அதன் உடம்பே உள்ளே கரைகிறது. ஊட்ட ஒன்றும் இல்லாமல் போகும்போது குஞ்சுகள் தாயின்மேல் ஏறி அதையே குடித்துவிடுகின்றன. அது விலகிப் போவதில்லை. தலைகீழாகத் தொங்கிப் பிள்ளை பெற்றுச் செத்த கமலவதியின் கதையை எழுதினவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருந்தால் அவர் அந்தக் கட்டத்தை வேறு விதமாக எழுதியிருப்பார். அல்லது எழுதாமலே விட்டிருப்பார்.

இப்படி நூறு பேர் உழைக்கிற வீட்டில் ஒட்டிக்கொள்ள ஆள் வராமல் இருக்குமா? வந்திருக்கிறது. 1979-ல் பி. எல். ப்ராடூ என்பவர், ஸ்டெகோடைபஸ் வலையிலேயே குடியிருக்கிற இன்னொரு சிலந்தியைக் கண்டு, அது அதுவரை பெயரில்லாத புது இனம் என்று எழுதினார். யுலோபரஸ் பெரோக்கஸ் என்று பெயர் வைத்தார். பெரோக் என்பது கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் ஓட்டுத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன ஊர். எனக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறது. பாஸலுக்கும் பெர்லினுக்கும் போகாமல், ஊர்ப் பெயரோடு ஒரு ஜந்து. அந்தக் குடும்பத்துச் சிலந்திகள் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. எள்ளுக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு அளவு.

ப்ராடூ அதைப் 'பந்தியில் கூட உட்காருகிறது' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார். பக்கத்து இலையைப் பிடுங்கித் தின்கிற திருடன் அல்ல. இலை போட்ட இடத்தில் தானும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற ஆள். நம் சத்திரங்களுக்கு இந்த ஜாதி நன்றாகத் தெரியும்.

அதைப் பற்றி இன்னொரு விஷயம். இந்த யுலோபரஸ் குடும்பத்துக்கு விஷப்பை கிடையாது. சிலந்தி என்றாலே விஷம் என்று நினைக்கிற நமக்கு இது விசித்திரம். கடித்துக் கொல்ல வழியில்லாததால் இவை கட்டித்தான் கொல்லவேண்டும். சிக்கின பூச்சியைச் சுற்றுகிறது, சுற்றுகிறது, நூல்கண்டு போல் ஆகும்வரை சுற்றுகிறது. பிறகு மூட்டைமேல் ஜீரண ரசத்தைக் கக்கி, கரைந்ததைக் குடிக்கிறது. துதிக்கையில் புகுந்து கடித்து யானையைச் சாய்த்த வம்சத்தில் கடியே இல்லாத ஒரு பிள்ளையும் இருக்கிறது. அதற்கு மாடக்கோயில் வேண்டாம். பெரியவர்கள் கட்டின வீட்டின் ஓரத்தில் ஒரு கை அகல இடம் போதும்.

அந்த வீடுதான் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. கல்லக்குடிப் பக்கம் முன்பெல்லாம் நிலத்துக்கு நிலம் முள்வேலி. இப்போது நான் போகிற வழிகளில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். வீட்டு மனைக்குக் கல் ஊன்றின இடங்களில் அதுவும் இல்லை. இருக்கிற வேலியைக் கழிக்கும்போது கத்தி முதலில் போவது பன்னாடை தொங்குகிற கிளைக்குத்தான். பார்க்க அசிங்கமாக இருக்கிறதல்லவா? கழித்த முள்ளை இழுத்துக் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். அதிலே சிலந்தி எத்தனை என்று யார் எண்ணுகிறார்கள்?

வேலி மிச்சம் இருக்கிற இடம் தெரிந்தவர்கள் விளக்கு வைக்கிற வேளைக்குக் கொஞ்சம் முன்னதாகப் போகவேண்டும். வெயில் மேற்கே தாழ்ந்து வலைக்குப் பின்னாலிருந்து விழவேண்டும். பன்னாடையின் வாயில் முதலில் ஒரு தலை தெரியும், அப்புறம் ஏழெட்டு. அவை அறுந்த இழைகளைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, பெரிய வலையின் ஓரத்தை நன்றாகக் கவனித்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், எட்டணா அகலத்தில் ஒரு சின்னச் சக்கரமும், அதன் நடுவில் முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, சருகுத் துணுக்கு என்று சொல்லும்படி அசையாமல் ஒன்றும் இருக்கும்.